கிராம்பு எண்ணெயும் உன் அப்பாவின் கையும்

அமல்,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய், விடுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்துவிட்டது, சாப்பாட்டில் தேங்காய் அதிகம் என்பதைத் தவிர வேறு குறையில்லை என்று நேற்று போனில் சொன்னாய். கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதி இறங்காததற்குக் காரணம், பஸ் ஏறும்போது நீ சொல்லிவிட்டுப் போனதுதான். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் அப்பா உன் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் காதில் விழாதபடி நீ குனிந்து, "ம்மா, அந்த எண்ணெய் வேலைய மட்டும் இனிமே தொட மாட்டேன். அங்க போய் வேற தலைப்பு கேக்கப் போறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். போனில் பேசலாம்தான். ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய். கரும்பலகை முன்னால் நின்று பழகினவள் நான். எழுதினால்தான் எனக்குச் சொல்ல வந்தது ஒழுங்காக வரும். கொஞ்சம் நீளமாகப் போகும். நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் நீ பார்த்த பக்கம் ஒன்று, நான் பார்த்த பக்கம் இன்னொன்று. சில இடங்களில் நீ அறையிலேயே இல்லை. அதையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் உன் தலைப்பை முடிவு செய்.

உன் அப்பா உப்பளத்து மெக்கானிக். பாத்திகளுக்கு உப்புநீர் ஏற்றும் டீசல் இன்ஜின் எங்கே நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தைக் கேட்டே எது பழுது என்று சொல்லிவிடுவார். ஆனால் உன் படிப்பு விஷயத்தில் அவர் எப்போதும் ஓர் அடி தள்ளியே நின்றார். நீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை, சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாவற்றையும் நேராக என்னிடம்தான் கொண்டு வருவாய். அம்மா டீச்சர், அம்மாவுக்குப் புரியும் என்று உனக்கு ஓர் எண்ணம். அவர் இன்ஜின் கிரீஸ் அப்பிய கையை லுங்கியில் துடைத்தபடி, "என்னாவாம்?" என்று என்னைக் கேட்பார். "முதல் பரிசாம்" என்பேன். "ம்" என்பார். உன்னை மீன்வளக் கல்லூரியில் சேர்த்த அன்று உன் பெட்டியை மாடிவரை சுமந்து வந்தவர், ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "உள்ள வந்து பாருங்க சார்" என்று அங்கிருந்தவர் கூப்பிட்டும் செருப்பைக் காட்டித் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடிக் குழாய்களைப் பற்றியேதான் பேசினார்.

உப்பங்கழி ஓரம் பாழாய்க் கிடந்த பழைய பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துக் குளம் வெட்டி அவர் கொடுவா மீன் விட்டது நீ கல்லூரியில் இருந்தபோதுதான். மழைக்காலம் வந்தால் குளத்து நீரில் உப்பு குறைந்துவிடும். மீனின் உடம்பில் சிவப்புப் புண்கள் வரும், துடுப்பு கிழிந்து நூலாகும். அக்கம்பக்கத்துக் குளங்களில் கடைக்காரர் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார்கள். அப்பாவும் ஊற்றத்தான் போனார். நீ தடுத்தாய். "அதையே ஊத்திக்கிட்டு இருந்தா கிருமிக்கு பழகிடும்பா. அப்புறம் மீனுக்கும் கேக்காது, மனுஷனுக்கும் கேக்காது" என்று சொன்னாய். சொன்னதோடு விடாமல், நம் குளத்து நோயாளி மீனையே ஐஸ் பெட்டியில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப்போனாய். அதிலிருந்து கிருமியை வளர்த்து, துளசி, எலுமிச்சைப்புல், ஓமம், கிராம்பு என்று ஒவ்வொன்றின் எண்ணெயும் அதை என்ன செய்கிறது என்று பார்ப்பதையே உன் படிப்பின் ஆய்வாக வைத்துக்கொண்டாய்.

அந்தச் சோதனை முடிந்து நீ ஊருக்கு வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ பையைக்கூட இறக்காமல் என்னைத் தாண்டிக் குளத்துக் கொட்டகைக்குப் போனாய். நானும் கை கழுவிக்கொண்டு பின்னால் வந்தேன். போனில் ஒரு படத்தைக் காட்டினாய். கண்ணாடித் தட்டு முழுக்கப் பால் ஏடு மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. நடுவில் ஒரு சின்னக் காகித வில்லை. அதைச் சுற்றி மட்டும் துடைத்து வைத்த மாதிரி தெளிவான ஒரு வட்டம்.

"இந்தத் தட்டு பூரா நம்ம குளத்து மீன்ல இருந்து எடுத்த கிருமிப்பா. நடுவுல இருக்கறது கிராம்பு எண்ணெய் தொட்ட பேப்பர். சுத்திப் பாருங்க, அங்க மட்டும் வளரல."

அப்பா கழிவுப் பஞ்சில் இரண்டு கையையும் துடைத்துவிட்டுத்தான் போனை வாங்கினார். "ஒண்ணுகூடவா வளரல?"

"வட்டத்துக்குள்ள ஒண்ணுகூட இல்ல. ஓமத்துக்கும் நல்லா வந்துருக்குது. துளசிக்கு கொஞ்சம் சின்ன வட்டம்."

அந்தப் படத்தை உன்னிடமிருந்து தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது அதைக் காட்டாத ஆள் கிடையாது. பங்குச் சாமியாரிடமே காட்டினார். "எம் புள்ள கண்டுபுடிச்சது சாமி" என்றார். நீ வெட்கப்பட்டு, "கண்டுபுடிக்கலப்பா, நெறைய பேரு செய்யற சோதனைதான் இது" என்று இழுத்தாய். அவர் கேட்டால்தானே.

அப்புறம் அந்தத் தொட்டி விவகாரம். கிராம்பு எண்ணெயை மீன் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, கொட்டகையில் பிளாஸ்டிக் தொட்டியில் நான்கைந்து குஞ்சுகளை விட்டு, எண்ணெயைக் கலக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டாய். கொஞ்ச நேரத்தில் மீன்கள் தள்ளாடின. ஒன்று சாய்ந்தது, இன்னொன்று வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. அப்பா பதறிப்போனார். "டேய், செத்துப்போச்சுடா! எடுடா வெளிய!" நான் மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துவிட்டேன். நீ மட்டும் பதறாமல் ஒவ்வொன்றாக எடுத்து, காற்றுக் குமிழி விடும் நல்ல தண்ணீரில் வைத்து, வாயை நீரோட்டத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாய். செவுள் மெல்ல அசைந்தது. பிறகு வால் அசைந்தது. பிறகு உன் விரலிலிருந்து நழுவி ஓடியே போய்விட்டது.

"சாகலப்பா, மயக்கம். கிராம்பு எண்ணெய் மீனுக்கு மயக்க மருந்து. அதனாலதான் சொல்றேன், இத குளத்துல ஊத்தவே கூடாது. குடுக்கறதா இருந்தா தீவனத்துல, கொஞ்சமா. அதுவும் மொதல்ல ஓமம்தான்."

அதற்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "மீனையே தூங்க வெக்குதுன்னா, கிருமிய சும்மா வுடுமா?" நாம் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்ததில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நீ சொன்னது ஒன்று, அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. நீ எச்சரிக்கை சொன்னாய். அவர் காதில் அது பெருமையாகப் போய் விழுந்தது. நம்மை நேசிக்கிறவர்கள் நாம் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொள்கிறார்கள், அமல். இனி நீ எங்கே எந்த முடிவைச் சொன்னாலும், கேட்கிறவர்களில் அப்படி ஓர் ஆள் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு சொல். அவருக்காக இன்னொரு முறை சொல்.

மழை வந்தது. இந்த முறை வழக்கத்தைவிடக் கனமாக வந்தது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வந்த வெள்ளம் உப்பளங்களையெல்லாம் மூடி, எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் ஆக்கிவிட்டது. நம் குளத்துக் கரை நின்றது, மீன் நிற்கவில்லை. காலையில் போனால் கரையோரம் செத்ததும் குற்றுயிருமாக மீன்கள் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். அப்பா இறங்கி அவற்றைப் பொறுக்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவுவார். நீ வாங்கிக் கொடுத்த கையுறை கொட்டகை ஆணியில் தொங்கும். "அத மாட்டுனா புடி கெடைக்க மாட்டேங்குது" என்பார். கொடுவாயின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒன்றைத் தூக்கும்போது அது கடைசியாக ஒரு துள்ளு துள்ளியிருக்கிறது. வலது கைக் கட்டைவிரல் அடியில் கிழித்துவிட்டது.

அன்று மாலை கையில் துணி சுற்றி வந்தார். "இன்ஜின் பெல்ட்டு ஒரசிடுச்சி" என்றார். வீட்டில் கிராம்பு வாசம் அடித்தது. எனக்குப் பல்வலிதான் நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினார். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார். உடம்பு லேசாகச் சுட்டது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று கஷாயம் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை இருப்பது நமக்குத் தெரியும். அது இப்படிப்பட்ட காயத்தில் என்ன செய்யும் என்று அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை நீ கல்லூரியிலிருந்து வந்து இறங்கினாய். நோய் பரவுவதற்குள் தேறின மீன்களைப் பிடித்து விற்றுவிடலாம் என்று கோட்டக்குப்பத்து மீன் வியாபாரி பஷீர் பாயை வரச் சொல்லியிருந்தோம். அவர் தன் குட்டி யானை வண்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு வந்து, பிடித்த மீனைக் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டிருந்தார். நீ கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது மீனை இல்லை. மோப்பம் பிடித்த மாதிரி நின்றாய்.

"எங்கப்பா கிராம்பு வாசன வருது?"

"பாட்டில் சாஞ்சிருக்கும்டா."

"கைய காட்டுங்க."

"ஒண்ணுமில்லடா."

"அப்பா, கைய காட்டுங்க."

அவர் துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் வலியைவிட வேறு ஏதோ ஒன்று இருந்தது, ஏதோ நல்ல காரியம் செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி. "உன் எண்ணெயத்தான்டா போட்டுருக்கேன். ரெண்டு வேளையும் வுடாம போடறேன். சரியாயிடும்."

நீ துணியைப் பிரித்தாய். உள்ளங்கை வீங்கிப் பளபளவென்றிருந்தது. காயத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் கொப்புளங்கள். சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது. நீ சத்தம் போட்டாய். அவரிடம் நீ சத்தம் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அது தட்டுப்பா! தட்டுல ரத்தம் ஓடல, சத ஆழமா இல்ல. மேலாப்புல எண்ணெய் தடவினா உள்ள போயிட்ட கிருமிய என்னா பண்ணும்? உங்க கை என் தட்டா?"

அவர் உன்னையே பார்த்தார். "நீதானடா வளரலன்னு சொன்ன" என்றார், மெதுவாக.

உன் முகம் அப்போது எப்படிப் போயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி, "பாய், வண்டிய எடுக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்கு, இப்பவே" என்றாய். பஷீர் பாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏற்றிய மீன் கூடைகளை இறக்கக்கூட நிற்காமல், "ஏறுங்கண்ணே. ஐஸ் கரைஞ்சா கரையட்டும்" என்று வண்டியைக் கிளப்பினார்.

அந்த ஈ.சி.ஆர். சாலைப் பயணத்தை நான் இன்னும் கனவில் காண்கிறேன். அப்பாவும் நானும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நீ பின்னால் மீன் கூடைகளுக்கு நடுவில் மண்டியிட்டு, பின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையை உயர்த்திப் பிடித்திருந்தாய். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே அவர் தோலில் ஒரு கோடு போட்டாய். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கூனிமேடு தாண்டும்போது கோடு இருந்த இடத்திலேயே இருந்தது சிவப்பு. காலாப்பட்டு வருவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டது. அப்போது புரிந்தது. நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேனே தவிர ஒரு மணியும் உருட்டவில்லை. அப்பா பாதி மயக்கத்தில், "மீனு வீணாப் போவுது பாய்" என்று முனகினார். "மீனு நாளைக்கும் வரும்ணே. நீங்க கண்ண மூடாதீங்க, எங்கிட்ட பேசிக்கிட்டே வாங்க" என்று பாய் அவரோடு இன்ஜின் கதை பேசிக்கொண்டே ஓட்டினார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு, "எப்டி அடிபட்டுச்சு?" என்று கேட்டார். நீ மூச்சு விடாமல் சொன்னாய். "மீன் செவுள் கிழிச்சுது மேடம். உப்பங்கழி தண்ணி, கடலும் ஆறும் கலந்தது. சர்க்கர இருக்குது. அந்தக் குளத்து மீன்ல இருந்து நான் விப்ரியோ வளத்துருக்கேன்." விப்ரியோ என்ற அந்தக் கிருமியின் பேரைக் கேட்டதும் அந்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ட்ரிப் ஏற்றச் சொன்னார், சர்ஜனைக் கூப்பிடச் சொன்னார், கையெழுத்து வாங்கச் சொன்னார். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. அன்றே கையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். பிறகு இன்னொரு முறை செய்தார்கள். தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள்.

அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் நீயும் நானும் உட்கார்ந்திருந்தபோது நீ அழவில்லை. சுவரைப் பார்த்தபடி, "ம்மா, அந்த பாட்டில அங்க வெச்சது நான்தான்" என்றாய். "படத்தக் காட்டினதும் நான்தான்." நான் உன் முதுகைத் தடவினேன், அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உன் மௌனம். அப்பா வீட்டுக்கு வந்தார், கட்டுப் பிரித்தார், விரலை மடக்கிப் பழகினார். நீ எல்லா வேலையும் செய்தாய், மருந்து கொடுத்தாய், காயம் துடைத்தாய். ஆனால் எண்ணெய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தீவனக் கம்பெனியில் விற்பனை வேலைக்குப் போகிறேன் என்றாய். ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்த சேதியைக்கூட நான் உன் போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் நீ கிளம்பினாயே, அந்த அளவில் எனக்கு நிம்மதி.

இப்போது நீ இல்லாத இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் அறுவை முடிந்து அவருக்கு நினைவு நன்றாகத் தெளிந்த அன்று, நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். எனக்குப் பயம் போனதும் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, புத்தி இருக்குதா உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? அப்டி என்னா அந்த எண்ணெய் மேல நம்பிக்க?" என்று கேட்டேன். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சின்ன வயசுல இருந்து எது வாங்கினாலும் உங்கிட்டதான் கொண்டாந்து காட்டுவான். இது ஒண்ணுதான் எங்கிட்ட மொதல்ல கொண்டாந்தான். அது பொய்யாப் போயிடும்னு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு அவரே, "அவன் காட்டினது பொய்யில்லடி. கேக்காம எடுத்துப் போட்டுக்கிட்டது நான். பெல்ட்டு ஒரசுச்சின்னு உங்கிட்ட சொன்னதும் நான். அவன் ஒரு தப்பும் பண்ணல. ஆனா இத அவங்கிட்ட சொல்லாத, வெக்கமா இருக்குது" என்றார். சொல்லாதே என்றதால் இத்தனை நாள் சொல்லவில்லை. நீ பஸ்ஸில் ஏறிப் போன அன்று அவரிடம் உன் பேச்சைச் சொன்னேன். "அப்டின்னா எழுது" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று கடைசிப் பரிசோதனைக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோமே, அன்று அதே டாக்டரம்மாதான் பார்த்தார். தன் இரண்டு விரலை நீட்டி, "நல்லா அழுத்துங்க" என்றார். அப்பா அழுத்தினார். "போதும் போதும், வலிக்குது, விடுங்க!" என்று அவர் சிரித்துவிட்டார். கட்டைவிரல் முழுசாக மடங்காதாம், மற்றபடி கை கைதான், இனி வர வேண்டாம் என்றார். எழுந்து வரும்போது நான் கேட்டேன், அன்று கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கைய பத்தி பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்மா. சாதாரண காயம்னு நெனச்சு வேற மருந்துல ஆரம்பிச்சிருந்தாகூட கஷ்டம்தான். உங்க பையன் வாசல்லயே கிருமி பேரச் சொன்னாரு பாருங்க, அதுதான் எங்களுக்கு நேரத்த மிச்சம் பண்ணுச்சு." வெளியே வந்து அப்பா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். எதற்கென்றால், பஸ்ஸுக்குப் போகும் முன் கொஞ்சம் அழ வேண்டியிருந்தது. இருவரும் அழுதோம். பிறகு எதிர்க் கடையில் டீ குடித்தோம், நல்ல டீ.

யோசித்துப் பார், அமல். அந்தத் தட்டு அப்பாவை ஏமாற்றிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கிருமியின் பேரை உனக்குச் சொன்னதும் அதே தட்டுதான். நீ அதை வளர்க்காமல் இருந்திருந்தால் எண்ணெய் பாட்டில் கொட்டகையில் இருந்திருக்காது, உண்மைதான். ஆனால் மீன் கிழித்திருக்கும். அவர் மஞ்சளோ வேறெதோ அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரி வாசலில் நாம் இருவரும் விழித்துக்கொண்டு நின்றிருப்போம். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளிவிடாதே.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது குளத்தைப் பார்த்துக்கொண்டது நான் என்பதையும் மறந்துவிடாதே. நீதான் மழைக்கு முன்னாலேயே, திட்டம் போட்டபடி, குளத்துக்குள் இரண்டு வலைக்கூண்டு கட்டி மீன் விட்டுவிட்டுப் போயிருந்தாய். ஒன்றுக்குச் சாதாரணத் தீவனம். மற்றதற்கு ஓம எண்ணெயை முட்டை வெள்ளையில் அடித்துப் பிசறி நிழலில் உலர்த்திய தீவனம். கை முழுக்க ஓம வாசத்தோடுதான் நான் ஆஸ்பத்திரிக்கு வருவேன். பக்கத்துக் கட்டில்காரர் அஜீரணமா என்று கேட்டார். கையுறை போட்டேன், பூட்ஸ் போட்டேன், கடல் ஏறும் நேரம் பார்த்து மதகைத் திறந்து உப்புத் தண்ணீர் விட்டேன். புண் ஆறத் தொடங்கியது. ஓமக் கூண்டில் கொஞ்சம் சீக்கிரம் ஆறியது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அப்பா வீட்டுக்கு வந்த பிறகு உன்னைக் கேட்டாரே, "அப்ப எண்ணெய் வேல செஞ்சுதா, இல்லியா?" என்று. நீ தயங்கித் தயங்கி, "கொஞ்சம் செஞ்ச மாதிரி இருக்குது. ஆனா தண்ணியும் மாறிச்சி, மழையும் நின்னுச்சி. எதனாலன்னு இப்ப சொல்ல முடியாதுப்பா. இன்னும் பாக்கணும்" என்றாய். அவர் சொன்னது இரண்டே சொல்: "அப்ப பாரு."

நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். அது கோபம் இல்லை. அவர் இன்ஜினைத் திறந்து வைத்துவிட்டு, எது பழுது என்று தெரியாமல் விழிக்கிற தன் ஆட்களிடம் அதே குரலில்தான் அதைச் சொல்வார். தெரியவில்லை என்றால் இன்னும் பார். அவ்வளவுதான் அதன் அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாயே, பெற்றவளாக எனக்கு நீ வாங்கி வந்த எந்தக் கோப்பையையும்விட அது பெரிதாகத் தெரிந்தது. உன்னை உடனே கட்டிக்கொண்டு சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

நீ வேறு தலைப்பு எடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. மனம் நிஜமாகவே வேறு பக்கம் இழுத்தால் போ. ஆனால் பயத்தில் போகாதே. குளத்துக்குக் குளம் மருந்தைக் கொட்டிக்கொண்டிருக்கிற இந்தக் கடற்கரையில், எது ஆகும் எது ஆகாது என்று பொறுமையாகப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆகாது என்று சொல்லும்போது பெற்ற அப்பனிடம்கூடச் சத்தம் போடத் தெரிந்த ஆள் வேண்டும். உன்னைத் தவிர எனக்கு அப்படி யாரையும் தெரியாது. கையுறை போடு. தேங்காய் எண்ணெய்ச் சமையல் போகப் போகப் பழகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்பாவின் போனுக்குக் கூப்பிடு, என் போனுக்கு இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா குளத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னா, ரயிலு மாதிரி போயிக்கினே இருக்குது?" என்றார். உங்கள் பிள்ளைக்குத்தான் என்றேன். "நான் சொன்னத எழுதிட்டியா?" எழுதிவிட்டேன் என்றேன். காதைச் சொறிந்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனவர் திரும்பி வந்தார்.

"அப்டியே ஒண்ணு கேளு அவன. புதுக் குஞ்சு எடுக்கப் போறேன். அந்த ஓமத் தீவனத்த எந்த சைசுல இருந்து போடலாம்? ரொம்பச் சின்னதா இருந்தா தாங்குமா? எவ்ளோ போடணும்? பாத்துட்டு சொல்லச் சொல்லு. தெரியலன்னா தெரியலன்னே சொல்லச் சொல்லு, பரவால்ல. அவன் சொல்ற வரைக்கும் நான் வெறும் தீவனமே போடறேன்."

அவருக்கு நான் என்ன சொல்லட்டும், அமல்?

அம்மா